இர்விங் பென்னின் பிக்காசோ படம்: வாங்கும் முன் சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள்

கேள்வி: இர்விங் பென் எடுத்த பிக்காசோவின் உருவப்படம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. '1957-இல் போட்ட அசல் பிளாட்டினம் பிரிண்ட்' என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: அவர் சொல்லும் அந்த வரியே இடிக்கிறது. படம் 1957-இல் எடுத்ததுதான். பிரான்சின் கான் நகரில் பிக்காசோ குடியிருந்த வீட்டில் எடுத்தது. தொப்பிக்கும் தூக்கிவிட்ட காலருக்கும் நடுவே ஒற்றைக் கண் நம்மை முறைக்கும். ஆனால் 'வோக்' ஃபேஷன் பத்திரிகையில் பேர் வாங்கிய புகைப்படக்காரரான பென், வெள்ளிக்குப் பதில் பிளாட்டினத்தால் தாளில் படம் பதிக்கும் பிளாட்டினம் அச்சு முறையில் கைவைத்ததே 1960-களின் நடுவில்தான். ஆகவே 1957-இல் அவர் போட்ட பிளாட்டினம் பிரதி என்று ஒன்று இருக்க வழியில்லை. உங்களுக்குக் காட்டியது பிற்காலத்தில் போட்ட பிளாட்டினமாக இருக்கலாம், வெள்ளி ஜெலட்டின் பிரிண்டாக (ஜெலட்டின் படலத்தில் வெள்ளித் துகளால் உருவாகும் வழக்கமான கருப்பு வெள்ளைப் படம்) இருக்கலாம், புத்தகத்திலிருந்து கிழித்த பக்கமாகவும் இருக்கலாம். பிற்காலத்தது என்பதால் மட்டம் இல்லை. பென்னின் பிளாட்டினம் பிரதிகளைத்தான் சேகரிப்பாளர்கள் தேடிப் போகிறார்கள்.

முதலில் நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மடங்கு போதும், 30 இருந்தால் நல்லது. கருப்பையும் வெள்ளையையும் விட்டுவிட்டு, கன்னத்துச் சாம்பல் நிறத்தைப் பாருங்கள். வரிசை பிடித்த புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகத்தில் மையில் அடித்தது. சிதறிய வண்ணத் துளிகள் என்றால் இன்க்ஜெட். கருப்பு வெள்ளைப் படத்திலேயே நீலமும் இளஞ்சிவப்பும் எட்டிப் பார்க்கும். புள்ளியே இல்லாமல், தாளின் நார்களுக்கு மேல் ஒரு மெல்லிய படலம் தெரிந்தால் வெள்ளி ஜெலட்டின். படலமும் இல்லாமல் நாருக்குள்ளேயே நிறம் ஊறியிருந்தால்தான் பிளாட்டினம் பற்றிப் பேச்சு.

அடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். ஓரத்து இருள் பகுதிகளில் நீலம் கலந்த உலோக மினுமினுப்பு தெரிந்தால் வெள்ளி மேலே வந்திருக்கிறது. பிளாட்டினத்தில் இது வராது. அது முழுக்க மங்கலான, பளபளப்பில்லாத பரப்பு. புற ஊதா விளக்குச் சோதனையைப் பலர் பெரிதாகச் சொல்வார்கள். புகைப்படத் தாளில் சேர்க்கும், அந்த விளக்கில் பளிச்சென்று ஒளிரும் வெண்மையூட்டிகள் 1950-களின் நடுவிலிருந்து வரத் தொடங்கியவை. பென் 1948-இல் சுவர் மூலையில் நிறுத்தி எடுத்த எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியின் படத்தை 'அந்தக் காலத்திலேயே போட்டது' என்று ஒருவர் விற்றால் இந்தச் சோதனை அவரை மாட்டிவிடும். 1957-ஆம் ஆண்டுப் படத்துக்கு அவ்வளவாக உதவாது.

இத்தனைக்கும் மேல், விஷயம் பின்பக்கத்தில் இருக்கிறது. பென் ஒரே தாளில் பிளாட்டினம், பல்லேடியம் உப்புக் கரைசலைப் பூசி, படத்தின் அளவுக்கே பெரிதாக்கிய நெகட்டிவ்வை மேலே வைத்து ஒளி காட்டி, கழுவிக் காயவைத்து, மறுபடி பூசி, மறுபடி ஒளி காட்டுவார். நனைந்து காயும் தாள் சுருங்கும். இரண்டாம் முறை நெகட்டிவ் மயிரிழை விலகினால் கண்ணிமை இரண்டாகத் தெரியும். இதைத் தடுக்கத்தான் தாளை முன்கூட்டியே அலுமினியத் தகட்டில் ஒட்டிவிட்டார். ஆக, சட்டத்தைக் கழற்றினால் பின்னால் தகடு இருக்க வேண்டும். அதில் கையெழுத்து, தலைப்பு, படம் எடுத்த ஆண்டு, பிரிண்ட் போட்ட ஆண்டு, 'வோக்' பத்திரிகையை வெளியிடும் காண்டே நாஸ்ட் நிறுவனத்தின் காப்புரிமை முத்திரை, மொத்தம் எத்தனை பிரதி என்று சொல்லும் முத்திரை ஆகியவற்றைத் தேடுங்கள். இரண்டு ஆண்டுகளையும் ஒன்றாகக் குழப்புவதுதான் விற்பனையில் அடிக்கடி நடக்கிற தவறு. எப்போதும் அறியாமையால் நடப்பதும் அல்ல. வெள்ளி ஜெலட்டின் பிரிண்டில் தகடு இல்லாமல் இருக்கலாம். எழுத்தும் முத்திரையும் அப்போதும் வேண்டும்.

'சட்டத்தைத் திறந்தால் கெட்டுவிடும்' என்று விற்பவர் மறுத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பழகிய சட்டக்காரருக்கு அது அரை மணி நேர வேலை. முழுப் பின்பக்கம், ஒவ்வொரு முத்திரை, நான்கு மூலைகள் என்று தனித்தனியே படம் கேளுங்கள். கூடவே முதலில் விற்ற காட்சிக்கூடத்தின் ரசீதும் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க சிகாகோ கலைக்கழகத்தின் இணையத்தொகுப்பு நல்ல இடம். பென்னின் படங்களும் ஆவணங்களும் அங்கே ஏராளம்.

மூலைகளைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தகடு வளைந்திருந்தால் தாளும் மடிந்திருக்கும். மங்கல் பரப்பில் ஏதாவது உரசினால் அந்த இடம் மட்டும் மினுங்கும். அதைச் சரிசெய்வது பெரும்பாலும் நடக்காத காரியம். உள்ளே படத்தைத் தொட்டபடி பழைய தாள் இருந்தால் எறியாதீர்கள். பிளாட்டினம் தன்னை ஒட்டிக் கிடக்கும் தாளை ஆண்டுக்கணக்கில் பழுப்பாக்கும். படத்தின் நிழல் அதில் இடவலமாகப் பதிந்திருக்கும். போலிக்காரர் சாமானியமாக இதைச் செய்ய முடியாது. பார்த்து, பத்திரப்படுத்தி, அதற்குப் பதில் அமிலமற்ற தாளை வையுங்கள்.

வாங்கிய பிறகு கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவே ஜன்னல் வெட்டிய அட்டை இருக்கட்டும். கடலோர ஊரின் ஈரத்தில் வெள்ளி ஜெலட்டின் பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது படலம் உரிந்து வரும். ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், மழைக்காலத்தில் முதலில் ஓதம் ஏறுவது அங்கேதான். பிரதியை வாங்கினாலும் படத்தை மறுபடி அச்சிடும் உரிமை உங்களுக்கு வராது. வாழ்த்து அட்டை போடுவதாக நினைத்திருந்தால் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.