புடைத்தாலும் திரும்பி வரும் வண்டு

கேள்வி: ஐயா, மக்காச்சோளத்தைக் காயவைத்துச் சாக்கில் கட்டியிருந்தேன். இரண்டு மாதத்தில் வண்டு விழுந்துவிட்டது. சலித்துப் புடைத்து, ஒரு வண்டுகூட இல்லாமல் மறுபடி கட்டினேன். மூன்றே வாரத்தில் திரும்பவும் வண்டு! மூட்டைகள் வீட்டை ஒட்டிய அறையில் இருக்கின்றன. வண்டு மாத்திரை போடலாமா?

பதில்: வணக்கம். மாத்திரை வேண்டவே வேண்டாம். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையில் காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். அது சாக்குக்குள் அடங்கி நிற்காது. கதவிடுக்கு, சுவர் விரிசல் வழியாக நீங்கள் படுக்கும் இடத்துக்கே வந்துவிடும். அதற்கு முறிவு மருந்தும் கிடையாது. ஆள் வசிக்காத கிடங்கில், பயிற்சி பெற்றவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை அது. மூட்டைக்கு ஒன்று போட்டால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நீங்கள் புடைத்து எடுத்தது வெளியே நடமாடிய வண்டுகளை மட்டும்தான். சொல்வதைப் பார்த்தால் இது மூக்கு நீண்ட கூன்வண்டு. பெண் வண்டு மணியில் குழி பறித்து ஒரு முட்டையிட்டு, பசை போன்ற ஒன்றால் வாயை அடைத்துவிடும். அடைத்த இடம் கண்ணுக்குத் தெரியாது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டான பிறகுதான் ஓட்டை போட்டு வெளியே வரும். 30 டிகிரி செல்சியஸ் சூட்டில் இதற்கு ஏறக்குறைய 5 வாரம் ஆகும். புடைத்த அன்று நல்ல மணியாகத் தெரிந்தவற்றில் பல, பாதி வளர்ந்த புழுவோடுதான் மூட்டைக்குள் போயின. கொஞ்சம் மணியைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைப் பிளந்து பாருங்கள். கூன்வண்டு வயலில் முற்றிய கதிரிலேயே முட்டையிடக்கூடியது என்பதால், நீங்கள் சுத்தமாக வைத்திருந்தும் வந்திருக்கலாம்.

மணிக்குள் சூடு ஏறினால்தான் இது அடங்கும். முதலில் சாதாரண வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு கருப்புத் தார்ப்பாயில் 2 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, ஓரங்களில் கல் வையுங்கள். கடும் வெயிலில் உள்ளே 55 டிகிரியைத் தாண்டும். சில மணி நேரம் அந்தச் சூடு நின்றால் முட்டை, புழு எல்லாம் சாகும். விதைக்கான பங்கை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், முளைப்பு கெடும். அதற்கு 100 கிலோவுக்கு 1 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்புத் தூள் கலந்து தனியே வையுங்கள்.

சூடு ஆறாமல் மூட்டை கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் ஆறவிடுங்கள். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கருவி இல்லாவிட்டால், உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி மணியும் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று அர்த்தம். இன்னும் காயவைக்க வேண்டும். ஒட்டாவிட்டாலும், கடித்தால் 'கடுக்'கென்று உடைகிறதா என்று பாருங்கள்.

முடிந்தால் சாக்கை விட்டுவிட்டுக் காற்றுப்புகாத பைக்கோ டிரம்முக்கோ மாறுங்கள். விளிம்புவரை நிரப்பி இறுக மூடினால், எஞ்சிய வண்டே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்து மூச்சுமுட்டிச் சாகும். அடிக்கடி திறந்தால் இது பலிக்காது. எடுத்துப் புழங்குவதற்குச் சிறு பை ஒன்று தனியாக இருக்கட்டும். சாக்குதான் என்றால் கொதிநீரில் அலசிக் காயவைத்து, சுவரில் படாமல் பலகைமேல் அடுக்குங்கள். பழைய தானியம் ஒரு மணிகூட அந்த அறையில் வேண்டாம். 15 நாளுக்கு ஒருமுறை மூட்டைக்குள் கைவிட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் அன்றே பிரித்து வெயிலில் கொட்டிவிடுங்கள்.