சூயிங்கமா, பேட்சா, இரண்டுமா? புகைப்பதைக் கைவிட முயல்வோரின் கேள்விகளுக்கு ஒரு மருந்தாளுநரின் பதில்கள்

கேள்வி: நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட் பிடிக்கிறேன், நிறுத்த வேண்டும். சிகரெட்டுக்குப் பதிலாக நிக்கோட்டினைத் தரும் சூயிங்கம், தோலில் ஒட்டும் பேட்ச் இரண்டில் எதை வாங்கலாம்?

பதில்: காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். அரை மணி நேரத்துக்குள் என்றால் 2 மி.கி. சூயிங்கம் உங்களுக்குப் போதாது, 4 மி.கி. வேண்டும். இந்தியாவில் 2 மி.கி. மருந்துச் சீட்டின்றிக் கிடைக்கும், 4 மி.கி.க்குச் சீட்டு தேவை. பேட்ச் நாள் முழுவதும் ஒரே சீராக நிக்கோட்டினைத் தந்துகொண்டிருக்கும். ஆனால் திடீரென எழும் ஆசையை அதனால் உடனே அடக்க முடியாது. ஆகவே பத்துக்கு மேல் பிடிப்பவர்கள் 21 மி.கி. பேட்சைத் தோளிலோ மார்பிலோ ஒட்டிக்கொண்டு, ஆசை எழும் வேளைகளில் மட்டும் சூயிங்கத்தை நாடுவதே நல்லது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடக் கூடுதல் பலன் தருவதாக ஆய்வுகளும் காட்டுகின்றன.

கேள்வி: சூயிங்கம் மென்றால் தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது, புகைக்கும் ஆசையோ அப்படியே இருக்கிறது.

பதில்: பபிள்கம் போல விடாமல் மென்றிருப்பீர்கள். என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகையே. நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகத்தான் இரத்தத்தில் சேர வேண்டும். எச்சிலோடு விழுங்கிவிட்டால் வயிறுதான் எரியும். நாலைந்து முறை மெல்ல மென்று, காரமோ சுருக்கென்ற உணர்வோ நாக்கில் தெரிந்தவுடன் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். அந்த உணர்வு அடங்கியதும் மறுபடி மென்று, இம்முறை வேறு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம் செல்ல வேண்டும். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, குளிர்பானம், பழச்சாறு எதுவும் வேண்டாம். அவற்றின் புளிப்பு நிக்கோட்டினை உறிஞ்சவிடாது. டீக்கடையில் டம்ளரை வைத்த கையோடு சூயிங்கத்தைப் பிரிப்பது நம் பழக்கம் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

கேள்வி: பேட்ச் போட்ட நாளிலிருந்து விபரீதக் கனவுகள்.

பதில்: படுக்கும் முன் கழற்றிவிட்டு, காலையில் புதியதை வேறிடத்தில் ஒட்டுங்கள்.

கேள்வி: புகையிலையின் விஷமே நிக்கோட்டின்தானே? அதையே மருந்தாகக் கொடுத்தால் புற்றுநோய் வராதா?

பதில்: அடிமைப்படுத்துவது நிக்கோட்டின், புற்றுநோயை உண்டாக்குவது பெரும்பாலும் புகையில் உள்ள, பிசுபிசுப்பாகப் படியும் தாரும் பிற இரசாயனங்களும். புகை வழியே சில நொடிகளில் மூளையை எட்டும் நிக்கோட்டின், சூயிங்கத்திலும் பேட்சிலும் மெதுவாகச் சேர்வதால் அடிமைத்தனமும் குறைவு. ஆயினும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கேள்வி: புகையை விட்டபின் காபி குடித்தால் படபடப்பாக இருக்கிறது. பேட்ச் காரணமா?

பதில்: பேட்ச் மீது பழி போட வேண்டாம். புகையிலுள்ள தார், காபியில் உள்ள கஃபீன் என்ற தூண்டுபொருளைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி தூண்டிக்கொண்டிருந்தது; புகை நின்றதும் அதே அளவு காபியின் கஃபீன் உடம்பில் நெடுநேரம் தங்குகிறது. காபியைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: எத்தனை நாள் தொடர வேண்டும்?

பதில்: சூயிங்கத்துக்குப் பன்னிரண்டு வாரம்: முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மூன்றாம் வாரத்தில் ஆசை தணிந்ததும் நிறுத்திவிட்டு, நான்காம் வாரத்தில் மீண்டும் பெட்டிக்கடைக்குப் போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். இடையில் தடுமாறினால் 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் ஆலோசகரிடம் பேசலாம்.