ஆத்தங்குடிக் கல் கொலாஜ்: அட்டை வளைகிறது, தாள் பூ உதிர்கிறது

ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டு வீட்டுத் தரைகளில் பதிக்கும் பூவேலைக் கல்) படத்தை அட்டையில் ஒட்டி, வார்னிஷ் பூசி, மேலே தாள் பூக்கள் வைத்துக் கொலாஜ் (ஒட்டுப்படம்) செய்ததாகவும், அட்டை வளைந்து பூக்கள் உதிர்வதாகவும் கேட்டிருந்தீர்கள். அட்டையின் பின்பக்கத்திலும் அதே அளவுத் தாளை அதே பசையால் ஒட்டுங்கள். முன்னால் ஒட்டிய ஆத்தங்குடிக் கல் படத்தின் இழுப்பை அது எதிர்ப்பக்கமாக இழுத்துச் சரிக்கட்டும்.

காரணம் அநேகமாகத் தண்ணீர். வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி கலந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நனைந்த தாள் விரியும். காயும்போது சுருங்கி, அட்டையையும் வில்லாக இழுத்துவிடும். பசையைக் கெட்டியாகவே எடுத்து மெல்லிசாகத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, ஓர் இரவு பாரம் வையுங்கள். எங்கள் வீட்டில் பாரத்துக்கு வைப்பதும் வேலையில் மிஞ்சிய ஆத்தங்குடிக் கல்தான்!

ஒட்டுமுன் ஒரு சோதனை: தாளில் சின்னச் சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள். குழலாகச் சுருளும். குழல் நீளும் திசைதான் நார் ஓடும் திசை. முன்தாள், பின்தாள் இரண்டுக்கும் அது ஒன்றாக இருக்கட்டும்.

பூ உதிர்வது வேறு சங்கதி. வார்னிஷ் பூசிய வழவழப்பில் பசை பிடிக்காது. பூ உட்காரும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து ஒட்டுங்கள். மிச்சப் பூக்களையும் கழற்றிவிட்டே பாரம் வையுங்கள், இல்லாவிட்டால் நசுங்கிவிடும்.

நீங்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கிய பழைய கணக்குப் பேரேட்டுத் தாளை மட்டும் நேரே ஒட்டாதீர்கள், மை கரையலாம். லேசர் நகல் எடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் நகலும் கரையலாம். மடிப்பு விழும் அளவுக்கு வளைந்த அட்டை நிமிராது, புதிதாகத்தான் வெட்ட வேண்டும்.