வாசகர் கேள்வி – பதில்: மணலில் ஒரு வாவி

கேள்வி: தரம் 2 பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, செலவில்லாமல் செய்யக்கூடிய உடற்பயிற்சி விளையாட்டு ஒன்றைக் கூறுவீர்களா?
— ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: 'வாவி கடத்தல்' மிகவும் பொருந்தும். மணலில் 10 மீற்றர் இடைவெளியில் இரு கோடுகள் வரைந்து, நடுப்பகுதியை நமது மட்டக்களப்பு வாவியாகக் கொள்ளுங்கள். ஐவர் கொண்ட குழுவுக்கு இரண்டு பழைய பாய்களைக் கொடுத்தால், ஒன்றில் நெருங்கி நின்றபடி மற்றதை முன்னே விரித்து, அதில் தாவி, பின்னுள்ளதை இழுத்தெடுத்து, மணலில் கால் படாமல் அவர்கள் அக்கரை சேர வேண்டும். கடைசிப் பிள்ளை தயங்கும்போது, முன்னே நிற்பவர் தானாகவே கையை நீட்டுவதைக் காண்பீர்கள். கால் பட்டவரைத் தயவுசெய்து வெளியேற்றாதீர்கள். குழு முழுவதும் மீண்டும் தொடங்கட்டும், ஏனெனில் முதலில் வெளியேறி ஓரமாக நிற்பவர் பெரும்பாலும் அதிகம் ஓடியாட வேண்டிய பிள்ளையே. 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். வைகாசி வெயிலில் இதை முதற் பாடவேளையிலேயே நடத்திவிடுங்கள்.