இங்கிலாந்தில் கணித ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் பெற்று, ஊரில் இரண்டு ஆண்டுகள் ரியூட்டறியில் (தனியார் வகுப்பு நிலையத்தில்) உயர்தரப் பரீட்சை மாணவர்களுக்குப் படிப்பித்துவிட்டு, பிரித்தானியக் குடியுரிமை உள்ள கணவரிடம் துணைவர் விசாவில் லண்டனுக்கு வந்து ஒன்றரை ஆண்டுகள் ஆகின்றன என்று எழுதியிருந்தீர்கள். இங்கே இடைநிலைப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்க விரும்புவதால் பி.ஜி.சி.இ. பயிற்சிக்கு இந்த ஆண்டே விண்ணப்பிக்கலாமா, உங்கள் பட்டம் செல்லுபடியாகுமா, ஆங்கிலம் தடையாகுமா, விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எழுதும் பகுதியில் எதைச் சொல்வது என்று நான்கு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். நானும் அதே வழியால் வந்து, ஒரு முறை நிராகரிக்கப்பட்டு, மறு ஆண்டு அனுமதி பெற்று, பத்து ஆண்டுகளாக இங்கே கணித ஆசிரியையாக இருக்கிறேன் என்பதால், நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, எது முதலில் தெரிந்திருக்க வேண்டுமோ அதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் பணம். பி.ஜி.சி.இ. என்பது பல்கலைக்கழகம் வழங்கும் கல்விச் சான்றிதழ், கியூ.ரி.எஸ். என்பது தகைமை பெற்ற ஆசிரியர் என்னும் தொழில் அங்கீகாரம். பெரும்பாலான ஓராண்டுப் பயிற்சிகள் இரண்டையும் சேர்த்தே தருகின்றன. அந்தப் பயிற்சிக்கு உள்நாட்டு மாணவர் செலுத்தும் கட்டணத்தின் உச்ச வரம்பு 2025-26 கல்வியாண்டில் 9,535 பவுண். வெளிநாட்டு மாணவர் என்று வகைப்படுத்தப்பட்டால் அதைவிட மிக அதிகமாகக் கட்ட வேண்டிவரும். துணைவர் விசாவில் இருப்பவருக்கு நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கும் வரை பொதுவாக உள்நாட்டுக் கட்டணமும் அரசு மாணவர் கடனும் கிடைப்பதில்லை. கணவர் பிரித்தானியக் குடிமகன் என்பது மட்டும் இதை மாற்றிவிடாது. (அகதி அந்தஸ்துப் பெற்றவரின் துணையாக வந்தவர்களுக்கு விதி வேறு, உங்கள் நிலை அதுவல்ல என்று நினைக்கிறேன்.) கணித ஆசிரியராகப் பயிற்சி பெறுபவருக்கு அரசு தரும் உதவித்தொகை 2025-26 இல் 29,000 பவுண் என்ற செய்தியைப் பார்த்துத்தான் உங்களுக்கு ஆர்வம் பிறந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தொகை உண்மையானதே, ஆனால் அதுவும் பெரும்பாலும் மாணவர் கடனுக்குத் தகுதி உள்ளவர்களுக்கே உரியது. தொகைகளும் பாடங்களும் ஆண்டுதோறும் மாறுகின்றன என்பதால், நீங்கள் சேரும் ஆண்டுக்குரிய அறிவித்தலை மட்டுமே நம்புங்கள்.

இதைச் சொல்வது உங்களை மனம் தளரச் செய்வதற்காக அன்று. துணைவர் விசாவில் வேலை செய்யும் உரிமை உங்களுக்கு முழுமையாக இருப்பதால், பாடசாலையே உங்களை ஊழியராக எடுத்து, சம்பளம் தந்து, கட்டணம் வாங்காமல் பயிற்றுவிக்கும் வழி ஒன்று திறந்திருக்கிறது. அந்த இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அவற்றில் சில கியூ.ரி.எஸ். மட்டும் தருவன, பி.ஜி.சி.இ. சான்றிதழ் தருவதில்லை. அரச பாடசாலையில் ஆசிரியராக நியமனம் பெறக் கியூ.ரி.எஸ். தான் முக்கியம் என்பதால் அதை ஒரு குறையாக எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள். எனவே "இந்த ஆண்டே விண்ணப்பிக்கலாமா" என்பதற்கு என் பதில்: சம்பளத்துடன் கூடிய இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் செலுத்தும் பயிற்சியாயின், சேரும் முன் அந்தப் பல்கலைக்கழகத்திடம் உங்கள் கட்டண வகையை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பட்டத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். யூ.கே. எனிக் என்னும் அமைப்பு வெளிநாட்டுப் பட்டத்தை இங்குள்ள பட்டத்தோடு ஒப்பிட்டு ஒரு சான்று தரும். சிக்கல் வருவது பட்டத்தில் அன்று, அதற்குக் கீழே, ஊரில் எழுதிய சாதாரண தரப் பரீட்சையில்தான். இடைநிலை ஆசிரியர் பயிற்சிக்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.இ. (இங்கே பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வு) நான்காம் தரம் அல்லது அதற்கு நிகரான தகைமை வேண்டும். நாங்கள் ஊரில் எழுதிய ஆங்கிலப் பாடம் இரண்டாம் மொழியாகக் கற்ற ஆங்கிலம் என்பதால், அதைச் சில நிறுவனங்கள் நிகரானதாக ஏற்பதில்லை. என்னிடமும் கேட்டார்கள்; நான் தனியாக, நிகரான தகைமையைக் காட்டும் ஒரு சமநிலைத் தேர்வு எழுதித்தான் அந்தத் தடையைக் கடந்தேன். எல்லா நிறுவனமும் எல்லாச் சமநிலைத் தேர்வையும் ஏற்பதில்லை என்பதால், தேர்வுக்குப் பணம் கட்டுமுன் நீங்கள் குறித்திருக்கும் நிறுவனம் எதை ஏற்கிறது என்று கேட்டுவிடுங்கள். கல்வித் திணைக்களத்தின் "கெற் இன்ரு ரீச்சிங்" சேவையில் பதிந்தால், பெரும்பாலும் முன்னாள் ஆசிரியராக இருக்கும் ஓர் ஆலோசகரை இலவசமாகத் தருவார்கள். எனிக் சான்று உட்பட எதற்கும் பணம் செலவழிப்பதற்கு முன் அவரிடம் பேசுங்கள்.

இனி, நான் மனதாரச் சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறேன். தன்னைப் பற்றிய அந்தக் கட்டுரையை எழுத உட்காருவதற்கு முன், இங்குள்ள ஒரு பாடசாலையின் வகுப்பறைக்குள் போய்ச் சில நாட்களாவது அமர்ந்திருங்கள்.

நான் முதல் முறை, 2014 இல் தொடங்கும் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது, அதைச் செய்யவில்லை. உயர்தரத்தில் பெற்ற பெறுபேறுகளையும், பல்கலைக்கழகப் புள்ளிகளையும், ஊரில் என்னிடம் படித்தவர்கள் எத்தனை பேர் பொறியியல் பீடத்துக்குத் தெரிவானார்கள் என்பதையும் பெருமையோடு எழுதியிருந்தேன். நேர்முகத்துக்கு அழைத்தார்கள். அங்கே ஒரு தாளை நீட்டினார்கள். அதில் ஒரு பிள்ளை, இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தது. "இந்தப் பிள்ளைக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்றார்கள். பகுதி எண்களைப் பொதுவாக்க வேண்டும் என்று விதியைச் சொல்லி, சரியான விடை ஆறில் ஐந்து என்று செய்து காட்டினேன். "பிள்ளை ஏன் அப்படி எழுதியிருக்கும்?" என்று அடுத்துக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கவனக்குறைவு என்றேன். சில நாட்களில் நிராகரிப்புக் கடிதம் வந்தது: பாட அறிவு போதுமானது, பாடசாலை அனுபவம் போதாது.

அந்த ஆண்டு முழுவதும் ஒரு பாடசாலையில் கற்பித்தல் உதவியாளராக வேலை செய்தேன். சம்பளம் குறைவு; ஊரில் ரீச்சர் என்று அழைக்கப்பட்டவள் இங்கே வேறொரு ஆசிரியையின் வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைக்கு அருகில் கதிரை போட்டு அமர்ந்திருப்பது முதல் மாதங்களில் மனதை உறுத்தியது. ஆனால் அந்தக் கதிரையில் இருந்துதான் நான் பின்னத்தைப் படிப்பிக்கக் கற்றுக்கொண்டேன். நேர்முகத் தாளில் கண்ட அதே பிழையை அந்தப் பின்வரிசைப் பிள்ளையும் செய்தது. அதற்கு, கோட்டுக்கு மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் தெரிந்தன. இரண்டும் சேர்ந்து ஒரே அளவைக் குறிக்கின்றன என்பது தெரியவில்லை. ஆகவே மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியது. அதன் கணக்கில் அது ஒழுங்கான சிந்தனை. ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடச் சிறியது, அரையோடு இன்னும் ஏதோ சேர்த்த பிறகு அது எப்படிச் சிறிதாகும் என்று அந்த வகுப்பாசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை தானே பென்சிலை எடுத்து விடையை அழித்தது. ரியூட்டறியில் எங்களிடம் வருகிறவர்கள் படிக்க வேண்டும் என்று தாங்களே தீர்மானித்து வருகிறவர்கள். இங்கே உங்கள் முன் அமர்வது ஏறக்குறைய முப்பது பிள்ளைகள். அவர்களில் கணிதத்தை வெறுப்பவரும், ஆங்கிலமே புதிதாகக் கற்பவரும், விசேட தேவை உள்ளவரும் இருப்பார்கள். ஆசிரியர் உள்ளே வரும்போது யாரும் எழுந்து நிற்கமாட்டார்கள், "இது எனக்கு எதற்கு?" என்று நேராகக் கேட்பார்கள். அது மரியாதைக் குறைவு என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் முதல் தவணையிலேயே களைத்துவிடுவீர்கள்.

அடுத்த முறை விண்ணப்பித்தபோது பொறியியல் பீடத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்தப் பின்னத்தையும், அந்த ஆசிரியை கேட்ட கேள்வியையும், அதன்பின் நான் ஆண்டு 8 வகுப்புப் பிள்ளைகள் நால்வருடன் தனியாக இருந்து செய்து பார்த்ததையும், அதில் எனக்குச் சரிவராததையும் எழுதினேன். உங்கள் கட்டுரையிலும் இப்படி நீங்கள் கண்ணால் கண்ட ஒரு வகுப்பறை இருக்க வேண்டும். "சிறு வயது முதல் ஆசிரியர் பணி என் கனவு" என்ற வகையில் தொடங்கும் வரிகளை எடுத்துவிடுங்கள். உங்கள் கனவு உண்மை என்பதை நான் நம்புகிறேன், ஆனால் அந்த வரி உங்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ரியூட்டறி அனுபவத்தை மறைக்கவும் வேண்டாம். எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்பதற்குப் பதிலாக, விளங்காமல் இருந்த ஒருவருக்கு எப்படி விளங்கவைத்தீர்கள் என்று எழுதுங்கள். இங்குள்ள பாடத்திட்டத்தின் அமைப்பும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: ஆண்டு 7 முதல் 9 வரை ஒரு கட்டம், ஆண்டு 10, 11 ஜி.சி.எஸ்.இ. கட்டம். கணிதத்தில் அடிப்படை நிலை, உயர்நிலை என இரண்டு தாள் வகைகள் இருக்கின்றன. ஒன்பது வரை செல்லும் தரங்களில், அடிப்படை நிலைத் தாளை எழுதுபவர் இப்போது பெறக்கூடிய ஆகக் கூடிய தரம் ஐந்துதான். இப்படி ஓர் உச்ச வரம்பு இருப்பதைக்கூட நான் முதல் ஆண்டில் அறிந்திருக்கவில்லை.

நேர்முகத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நம்மவர்கள் தடுமாறும் இடம் இது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பிள்ளை தனியே வந்து, "மிஸ், யாரிடமும் சொல்லமாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன்" என்றால் என்ன செய்வீர்கள் என்பது வழக்கமான கேள்வி. நம் வளர்ப்பில் இரண்டு பதில்கள் உடனே வரும்: இரகசியம் காப்பேன் என்பது ஒன்று, பெற்றோரை அழைத்துப் பேசுவேன் என்பது மற்றது. இரண்டும் இங்கே பிழை. இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. அமைதியாகக் கேட்க வேண்டும். துருவித் துருவி விசாரிக்கக் கூடாது. பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே குறித்து, அன்றே பாடசாலையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பெற்றோரிடம் சொல்வதா இல்லையா என்பதை அவர்தான் தீர்மானிப்பார், ஏனென்றால் சில வேளைகளில் ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கும். இதற்கான அரசின் வழிகாட்டி ஆவணத்தின் முதற்பகுதியைப் பாடசாலை ஊழியர்கள் வாசிக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் நேர்முகத்துக்கு முன்பே அதை வாசித்துவிடுங்கள்.

ஆங்கில உச்சரிப்பைப் பற்றி நீங்கள் அஞ்சுகிறீர்கள். உச்சரிப்புக்காக என்னை யாரும் நிராகரிக்கவில்லை. வகுப்பறையில் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டார்கள். எனக்கு உண்மையில் தடையாக இருந்தவை சிறிய சொற்கள். கணக்கில் எந்தச் செய்கையை முதலில் செய்வது என்ற வரிசை விதியை நாங்கள் போட்மாஸ் என்று படித்தோம், அதை இங்கே பல பாடசாலைகளில் பிட்மாஸ் என்கிறார்கள். இத்தகைய சொற்களை வகுப்பில் அமர்ந்து கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டால் போதும்.

விண்ணப்பிக்கும் முறை இப்போது எளிது. அரசின் இணையச் சேவை ஒவ்வோர் ஆண்டும் ஒக்ரோபரில் திறக்கும். ஒரே நேரத்தில் நான்கு விண்ணப்பங்கள் வரை திறந்து வைத்திருக்கலாம். ஒன்று மறுக்கப்பட்டால் அந்த இடத்தில் இன்னொன்றை அனுப்பலாம். நான் எழுத வேண்டியிருந்த எண்ணறிவு, எழுத்தறிவுக் கணினித் தேர்வுகள் இப்போது இல்லை. பரிந்துரைக்க இருவரின் விபரம் வேண்டும். நீங்கள் ஓர் இடத்தை ஏற்றுக்கொண்ட பின்னரே அவர்களைத் தொடர்புகொள்வார்கள். ஊரில் உள்ள விரிவுரையாளர் ஒருவரின் பெயரைக் கொடுப்பதாயின், அவர் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறவரா என்று முன்கூட்டியே உறுதிப்படுத்துங்கள். குற்றப் பதிவுச் சோதனையோடு இலங்கைப் பொலிஸ் சான்றிதழும் கேட்கப்படக்கூடும், அதற்கு நாள் எடுக்கும் என்பதால் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.

பயிற்சி ஆண்டில் குறைந்தது இரண்டு பாடசாலைகளில் கற்பிப்பீர்கள். ஆண்டின் பெரும்பகுதி பாடசாலையில்தான் கழியும். இரவில் பாட ஆயத்தம், காலையில் பயணம் என்று அது உடலை வருத்தும் ஆண்டு. அந்த ஆண்டில் சமையலையும் வீட்டு வேலையையும் யார் பார்ப்பது என்று கணவரோடு இப்போதே பேசிக்கொள்ளுங்கள். என்னோடு பயின்றவர்களில் இடையில் நின்றவர்கள் பாடம் தெரியாமல் நிற்கவில்லை, வீட்டிலும் முழுப் பொறுப்பைச் சுமக்க முடியாமல் நின்றார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் புதிய ஆசிரியருக்குரிய வழிகாட்டலோடு வேலை செய்வீர்கள்; 2021 செப்ரெம்பருக்கு முன் அது ஓர் ஆண்டாக இருந்தது. ஆரம்பச் சம்பளம் 2024 செப்ரெம்பரில் இருந்து லண்டனுக்கு வெளியே 31,650 பவுணாகவும் உள் லண்டனில் 38,766 பவுணாகவும் இருந்தது, அதன்பின் உயர்ந்திருக்கிறது.

இப்போதைக்கு, உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள மூன்று நான்கு இடைநிலைப் பாடசாலைகளின் அலுவலகத்துக்கு, கணித வகுப்புகளைச் சில நாட்கள் பார்க்க அனுமதி கேட்டுச் சுருக்கமாக எழுதுங்கள். கற்பித்தல் உதவியாளர் வெற்றிடம் இருக்கிறதா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஒரு பாடசாலை பதில் தராவிட்டால் இன்னொன்றுக்கு எழுதுங்கள். எனக்கு ஆறாவது பாடசாலைதான் கதவைத் திறந்தது. பார்த்துவிட்டு வந்து கட்டுரையை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், வாசித்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா