ஊரைக் ‘கவர்’ செய்ய முடியுமா?

கேள்வி: ஜூனில் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். அங்கே கடலோரமாக இருக்கும் சிங்க்வே தெர்ரேயின் ஐந்து கிராமங்களையும் ஒரே நாளில் ரயிலில் கவர் செய்துவிட முடியுமா? அவற்றில் ஒன்றான வெர்னாட்ஸாவுக்கு ஒரு மணி நேரம் போதுமா? (சேலம் வாசகி)

பதில்: ரயிலில் ஊருக்கு ஊர் சில நிமிடம்தான், முடியும். ஆனால் இந்தக் ‘கவர்’ என்ற சொல்லை நான் விடப்போவதில்லை. பாடத்தைக் கவர் செய்யலாம், செய்தியைக் கவர் செய்யலாம். ஊரை எப்படியம்மா கவர் செய்வது? ஊருக்குப் போகலாம், சுற்றலாம், தங்கலாம், பழகலாம். இத்தனை நல்ல வினைகள் நம்மிடம் இருக்கின்றன. இது இந்தப் பக்கத்தில் எனக்கும் வாசகர்களுக்கும் நடக்கும் பழைய சண்டை, இன்னும் நடக்கும்.

சரி, வெர்னாட்ஸா. துறைமுகம், கடலோரப் பாறைமேல் நிற்கும் சாந்தா மார்கெரிட்டா தேவாலயம், கடற்கொள்ளையர் வருகிறார்களா என்று காவலிருந்த கோபுரம், எல்லாம் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அந்த ஊரைத் தாங்கிப் பிடிப்பது மட்டும் மேலே இருக்கிறது. செங்குத்தான சரிவில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம்; ஒவ்வொரு படிக்கும் ஒரு கல் சுவர். சாந்து கிடையாது, கல்லுக்குக் கல் பொருத்தி அடுக்கியது. சாந்து இல்லாததுதான் அதன் பலம். மழைநீர் இடுக்கு வழியே வடிந்துவிடும், மண் அங்கேயே நிற்கும். தோட்டத்தை விட்டு ஆட்கள் வேறு வேலைக்குப் போகப் போக, சுவர்கள் சரிந்தன.

2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரம் கொட்டிய மழையில் மலை இறங்கி வந்தது. வெர்னாட்ஸாவின் பெரிய தெருவுக்கு அடியில் ஓடுவது ஓர் ஓடை. அது அடைபட்டு, சேறும் கல்லும் தெருவில் ஓர் ஆளுக்கு மேல் நின்றன. அந்த ஊரில் 3 பேர் இறந்தார்கள். மழைதான் பெருங்காரணம், பராமரிப்பில்லாத சுவர்களுக்கும் அதில் பங்குண்டு. சுவரை நான் எதற்கு இவ்வளவு பேசுகிறேன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மூன்று ஊரை விட்டுவிடுங்கள். வெர்னாட்ஸாவில் ஓர் இரவு தங்குங்கள். பகல் கூட்டம் ரயிலேறிப் போனபின் துறைமுகம் அந்த ஊர்க்காரர்களிடம் திரும்பி வரும். மறுநாள் காலை வெயிலுக்கு முன் அடுத்த கிராமமான மொந்தெரோஸ்ஸோ வரை நடங்கள். ஏற்ற இறக்கம் அதிகம், சுமார் இரண்டு மணி நேரம். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். போய்ச் சேர்ந்ததும் உப்பில் ஊறிய நெத்திலி கேளுங்கள், அந்த ஊர் அதற்குப் பேர்போனது. வழியில் பிள்ளைகளைப் படமெடுக்கச் சுவர்மேல் ஏற்றாதீர்கள். ஒரு கல் நழுவினாலும் அதை யாரோ ஒருவர் கையால்தான் திரும்ப அடுக்க வேண்டும்.