சப்போரோவின் செங்கல் அலுவலகம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

போன மாதம் கம்பெனி வேலையாக ஜப்பான் போயிருந்தேன். சப்போரோவில் ஒரு முற்பகல் ஓய்வு கிடைத்தது. உடன் வந்தவர், ‘அகாரெங்கா’வை (சிவப்புச் செங்கல் என்று பொருள்) பார்க்காமல் ஊர் திரும்பக்கூடாது என்று, வடக்குத் தீவான ஹொக்கைடோவின் பழைய அரசு அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். உள்ளே போக டிக்கெட் என்றார்கள், திரும்பிவிட்டோம். மொத்தம் இருபது நிமிடம். உண்மையைச் சொன்னால் எனக்கு எதுவும் தோன்றவில்லை. சிவப்புச் செங்கல் கட்டடம், அதுவும் ஆபீஸ். கோயில், கோட்டை என்றால் சரி. குமாஸ்தாக்கள் உட்கார்ந்து எழுதிய இடத்தில் என்ன இருக்கிறது பார்க்க? நீங்கள் அங்கே ஒரு நாள் முழுக்க இருந்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். ஜனவரியில் மறுபடியும் போக வேண்டியிருக்கிறது. இன்னொரு முறை போய்ப் பார்க்கலாமா?

மதி

அன்புள்ள மதி,

கட்டாயம் போங்கள். இந்த முறை டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளேயும் போங்கள்.

ஒரு விஷயம் நீங்கள் சொல்வது சரிதான். பார்த்ததும் வாயைப் பிளக்க வைக்கிற அழகு அதற்குக் கிடையாது. காலையில் ஆட்கள் வந்து, தாள்களில் முத்திரை குத்திவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போன இடம் அது. 1888இல் கட்டி முடித்ததிலிருந்து 1968இல் பக்கத்தில் புது அலுவலகம் வரும்வரை எண்பது வருடம் அப்படித்தான் ஓடியது. எனக்கு அது முக்கியமாகப் படுவதும் அதனால்தான். கோட்டையைப் பார்த்தால் யாரோடு யார் சண்டை போட்டார்கள் என்று கேட்கிறோம். அலுவலகத்தைப் பார்க்கும்போது, இங்கிருந்து என்ன உத்தரவு யாருக்குப் போனது என்று கேட்க வேண்டும்.

நான் போனது 2018 அக்டோபர் கடைசியில். எதிரே உள்ள தெருவில் ஜின்கோ மரங்கள் மஞ்சளாகியிருந்தன. நேராக உள்ளே நுழையாமல் முதலில் சுவரோரமாகப் போய் நின்றேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு செங்கல் தன் நீளத்தைக் காட்டும், அடுத்தது தலையை மட்டும் காட்டும். மறுபடி நீளம், மறுபடி தலை. மேல்வரியில் வரும் அந்தச் சின்ன முகம், கீழ்வரி நீளக்கல்லின் நட்டநடுவில் வந்து உட்காரும். விரலை வைத்து எண்ணிக்கொண்டே பத்தடி நடந்தேன், ஓரிடத்தில்கூட வரிசை தப்பவில்லை. இப்படிச் சுமார் 25 லட்சம் செங்கல். பக்கத்தில் ஷிரோஇஷி போன்ற இடங்களில் சுட்டவை. வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் ஹிராய் செய்ஜிரோ. அமெரிக்காவில் பொறியியல் படித்துவிட்டு வந்து, ஹொக்கைடோவில் ரயில் பாதை போட்டவர்.

அந்தச் சுவரின் அருமை 1909இல் தெரிந்தது. தீப்பிடித்து உள்ளே இருந்ததெல்லாம் எரிந்துபோனது. செங்கல் சுவர் மட்டும் நின்றது. இடிக்காமல், அதே சுவருக்குள் மறுபடி தளமும் கூரையும் அமைத்து 1911இல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். உச்சியில் உள்ள எண்கோணக் கோபுரத்தின் கதை வேறு. கட்டிய சில ஆண்டுகளிலேயே அதைக் கழற்றிவிட்டார்கள். நீங்கள் படம் எடுத்தது 1968இல் பழைய வடிவத்துக்குத் திருப்பியபோது வைத்த கோபுரத்தை. அடுத்த வருடம் கட்டடத்தை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தார்கள்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு ஐந்துமுனை நட்சத்திரம் தெரியும். அது வடதுருவ நட்சத்திரம், கைதகுஷி என்ற குடியேற்றத் துறையின் சின்னம். அந்தத் துறை 1876இல் தொடங்கிய மதுபான ஆலையிலிருந்து வந்ததுதான் சப்போரோ பீர், அதன் புட்டியிலும் அதே நட்சத்திரம் இருக்கிறது. அந்த ஊரில் எங்கே பார்த்தாலும் கண்ணில் படும். அழகான சின்னம்தான். ஆனால் வடக்கில் அரசு என்ன செய்தது என்று தெரிந்த பிறகு என்னால் அதை வெறும் அலங்காரமாகப் பார்க்க முடியவில்லை.

1869வரை அந்தத் தீவுக்கு ஹொக்கைடோ என்ற பெயரே கிடையாது. ஐனு என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலம். சப்போரோ என்பதே ஐனு மொழியிலிருந்து வந்த பெயர், ‘வறண்ட பெரிய ஆறு’ என்று பொருள் சொல்வார்கள். டோக்கியோ அரசு அந்த நிலத்தை உரிமையாளர் இல்லாததாகக் கணக்கு வைத்துக்கொண்டு வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. 1869இல் சுமார் 58,000 பேர் இருந்த தீவில் 1901இல் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டியாயிற்று. 1886இல் அமைந்த, பிறகு இந்தக் கட்டடத்தில் இயங்கிய ஹொக்கைடோ நிர்வாகத்தின் முதல் தலைவர் இவாமுரா மிச்சிதோஷி, இனி ஏழைகளை அல்ல, வசதியானவர்களைக் குடியேற்றுவோம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இரண்டு சட்டங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1897ஆம் வருடச் சட்டப்படி, விவசாயம் செய்ய வருகிற ஒருவர் 15 லட்சம் த்ஸுபோவரை (ஜப்பானிய நில அளவு) நிலம் கேட்கலாம், நம் கணக்கில் ஏறத்தாழ 1,200 ஏக்கர். சொன்னபடி பண்படுத்தினால் இலவசமாகவே சொந்தமாகிவிடும். இரண்டே வருடம் கழித்து, 1899இல், ஐனு மக்களைப் ‘பாதுகாக்க’ என்று ஒரு சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 15,000 த்ஸுபோ. சுமார் 12 ஏக்கர். பதினைந்து வருடத்துக்குள் உழாத நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். மீன் பிடித்தும் மான் வேட்டையாடியும் வாழ்ந்தவர்களிடம், ஆற்றில் சால்மன் பிடிக்கத் தடை போட்டுவிட்டு, உழு என்றார்கள். அந்தச் சட்டம் 1997இல்தான் நீக்கப்பட்டது. சட்டம் இயற்றியது டோக்கியோவாக இருக்கலாம். நிலத்தை அளந்து, பெயர் எழுதி, கொடுத்தும் பறித்தும் நடத்தியது இந்தச் செங்கல் கட்டடத்து நிர்வாகம்.

சாலைகளுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1891இல் தீவின் கிழக்கே உள்ள அபாஷிரி என்ற ஊரிலிருந்து மத்தியச் சாலை போட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளைக் காட்டுக்குள் இறக்கினார்கள். இருநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சத்தில்லாத சாப்பாடு, நோய், அசுர வேலை.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நான் அங்கே போயிருந்தேன். அதனால்தான் ஒரு நாள் பிடித்தது. மூன்று வளைவுகளுக்கு அடியில் புகுந்து மாடிப்படி ஏறும்போது, இந்தப் படியில் எத்தனை கோப்புகள் ஏறி இறங்கியிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டே போனேன். மேலே ஓர் அறையில், ஹொக்கைடோவுக்கு வடக்கே உள்ள சகாலின் தீவின் பழைய வரைபடம். அதன் தென்பாதி 1905 முதல் 1945வரை ஜப்பானிடம் இருந்தது. வயதான ஒரு அம்மா, எண்பதுக்கு மேல் இருக்கும், கண்ணாடிமேல் விரலை வைத்து ஓர் ஊரைக் காட்டி, கூட வந்த பேத்திக்கு மெதுவாக ஏதோ சொன்னார். எனக்கு மொழி புரியவில்லை. விரலை எடுத்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். சோவியத் படை வந்தபோது கிளம்பி வந்த குடும்பமாக இருக்கலாம். வந்து குடியேறிய இடத்திலும் ஏற்கெனவே ஒரு மக்கள் இடம் இழந்திருக்கிறார்கள். இரண்டு கதையும் ஒரே கூரைக்கு அடியில் இருப்பதைத்தான் ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2019இல் பழுதுபார்க்க மூடி, 2025 ஜூலையில் திறந்திருக்கிறார்கள். உள்ளே காட்சியறைகளைப் புதிதாக அமைத்திருப்பதால் நான் பார்த்த வரிசையில் நீங்கள் பார்க்க மாட்டீர்கள், பரவாயில்லை. ஜனவரி என்றால் நல்ல சப்பாத்து எடுத்துப்போங்கள். ஒரு குளிர்காலத்தில் விழுகிற பனியைக் கூட்டினால் ஐந்து மீட்டர் பக்கம் வருகிற ஊர் அது. வாசலில் ஒரு கதவைத் தாண்டினால் இன்னொரு கதவு இருக்கும், குளிர்காற்று உள்ளே நுழையாமலிருக்க. அக்டோபரில் நான் அதைக் கவனிக்கவே இல்லை, பிறகுதான் படித்தேன்.

இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் முதல் நாள் ஷிராவோய் போய்விடுங்கள். சப்போரோவிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். அங்கே 2020இல் திறந்த உபோபோய் என்ற ஐனு தேசிய அருங்காட்சியகமும் பூங்காவும் இருக்கின்றன. அறிவிப்புப் பலகைகளில் ஐனு மொழியைத்தான் முதலில் எழுதியிருப்பார்கள். திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் அகாரெங்காவுக்கு வாருங்கள். வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா